பின்னால் பார்க்கிற வேலை

முதல் நாள்

காரில் ஏறி உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டே போவது ஒரு வேலை என்று சொன்னால், இன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் சேருகிற பையன்கள் சிரிக்கிறார்கள். "அதுக்குத்தான் கண்ணாடி இருக்கேண்ணே" என்கிறார்கள். இருக்கிறது, யார் இல்லையென்றது? நான் சொல்லுகிற ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் எங்கள் காரில் அந்தக் கண்ணாடி இல்லை. அதற்குப் பதிலாக நான் இருந்தேன்.

மலாயாவில் ஈப்போ ஊருக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடல் ஒன்று இருந்தது. குதிரைகள் ஓடாத சில ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர்களின் மோட்டார் கிளப் அதைக் கேட்டு வாங்கிக் கார் ஓட்டும். தோட்டத் துரைகள், ஈயச் சுரங்க இன்ஜினியர்கள், டாக்டர், இப்படிப்பட்டவர்கள்தான் மெம்பர்கள். ரேஸ் கார் என்று யாரிடமும் தனியாக ஒன்று கிடையாது. வாரம் முழுக்க மார்க்கெட்டுக்கும் ஆபீசுக்கும் போன அதே கார்தான் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கார். திடலுக்கு வந்ததும் மரத்தடியில் நிறுத்தி மட்கார்டு, கேன்வாஸ் கூரை, முன் கண்ணாடி, ஸ்டெப்னி எல்லாவற்றையும் கழற்றிப் புல்லில் அடுக்குவோம். சைலன்சரையும் கழற்றினால் போதும், சாதுவான கார் கொலைகாரன் மாதிரிச் சத்தம் போடும். ரேஸ் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் டிரைவர் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் கார் நாலு பேர் உட்காருகிற டூரிங் கார். தோட்டத்தில் காய்ச்சல் கண்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். ஒரு வாரம் பிரசவ வலி எடுத்த பெண்ணை அதில் ஏற்றிக்கொண்டு போனேன். அடுத்த ஞாயிறு அதே வண்டி மணிக்கு அறுபது மைல் போகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தோம்.

முதல் முறை திடலுக்குப் போனபோது நான் டிரைவராகத்தான் போனேன். கழற்ற வேண்டியதைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற டிரைவர்களோடு மரத்தடியில் குந்தினேன். மலாய்க்காரர்கள் இரண்டு பேர், மற்றபடி எல்லாம் நம்மவர்கள். யாரோ வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். நான் கையை நீட்டும் நேரத்தில் எங்கள் சின்ன துரை வந்து நின்றார். தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்தவர் என்பதால் அவர் சின்ன துரை. ஆள் என்னவோ நெடுநெடுவென்று ஆறடிக்கு மேல்.

"முத்து, ஏறு" என்றார்.

காரை நகர்த்திவைக்கச் சொல்கிறார் என்று நினைத்து ஸ்டீரிங் பக்கம் போனேன்.

"அங்கே இல்லை. இங்கே ஏறு. முன்னாடி ஏறு, பின்னாடி பாரு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது கிளப் விதி. ஒருவர் ஓட்ட வேண்டும், பக்கத்து ஸீட்டில் இருப்பவர் திரும்பி உட்கார்ந்து பின்னால் எந்தக் கார் நெருங்குகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இன்ஜின் சத்தத்தில் காது கேட்காது என்பதால் தோளில் தட்டிச் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால் ஒருத்தன் வருகிறான். இரண்டு தட்டு என்றால் கிட்டே வந்துவிட்டான். தோளை அழுத்தினால் வழி விட வேண்டும். மற்றவர்கள் அந்த ஸீட்டில் தம்பியையோ சிநேகிதனையோ பெண்டாட்டியையோ உட்காரவைத்தார்கள். எங்கள் துரைக்கு உட்காரவைக்க யாரும் இல்லை.

அன்றைக்கு முழங்காலை ஸீட்டில் ஊன்றி, பின்பக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புழுதியைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. எத்தனையாவதாக வந்தோம் என்பதே இறங்கின பிறகுதான் தெரிந்தது. கிட்டத்தட்டக் கடைசி. துரை சந்தோஷமாகத்தான் இருந்தார்.

திரும்பி மரத்தடிக்குப் போனேன். டிரைவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஆனால் பேச்சு நின்றுவிட்டது. கடலைப் பொட்டலம் கொடுத்தவர் மட்டும், "தொரை பக்கத்துல உக்காந்து வந்த ஆளு, கீழ உக்காந்தா வேட்டி அழுக்காயிராதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரையைப் பார்த்து ஒருவர் என்னவோ சொல்ல, அங்கேயும் ஒரு சிரிப்பு எழுந்தது. டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினவர் அவர் ஒருவர்தான்.

கார் ஷெட்டும் துரைத் தமிழும்

நான் அதே தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போன பிறகு ரப்பர் ஸ்டோர் இன்ஜினுக்கு எண்ணெய் விடுகிற வேலை கிடைத்தது. அங்கே இன்ஜினோடு பழகினதைப் பார்த்துக் கார் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். ஷெட் மேட்டில், சின்ன துரை பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. அதை ஒட்டி எனக்கு ஒரு அறை.

வேலை உயர்ந்தது, ஆள் தனியானான். லயத்துக்குப் போனால் வேலை வாங்குகிற கங்காணியைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "பங்களாக்காரரு வந்துட்டாரு, பலகையப் போடு" என்பார்கள். கேலிதான், ஆனால் பலகையைப் போட்டுவிட்டு அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒரு வீட்டில் பெண் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க பெரிய எடம்பா, நமக்குக் கட்டுப்படி ஆவாது" என்றார். துரையிடம் எதையாவது போட்டுக்கொடுத்துவிடுவேன் என்று பயம். நான் யாரையும் போட்டுக்கொடுத்ததில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பங்களாவில் இருந்த இன்னொரு ஆள் சமையல்காரர் ஆ சோங். ஹைனான் தீவிலிருந்து வந்த ஐலாம் சீனர், வயதானவர், நல்லவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் மலாய். உப்பு, மண்ணெண்ணெய், மழை என்கிற அளவுக்கு அது போதும். அதற்கு மேல் பேச இரண்டு பேரிடமும் சரக்கு இல்லை.

மூன்றாவது ஆள் துரை. அவர் தமிழ் பேசுவார். தோட்டத்துத் துரைகள் தமிழ்ப் பரீட்சை எழுத வேண்டியிருந்த காலம் அது. அவர் பாஸ் செய்தவர், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அவர் உண்மையாகத் தமிழ் கற்றுக்கொண்ட இடம் விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களம். அங்கே என்ன தமிழ் பேசுவார்கள்? வா, போ, நில்லு, வெட்டு, தூக்கு. அந்தக் கைமுதலை வைத்துத்தான் அவர் முழுக் குடும்பமும் நடத்தினார். நான் சாப்பிட்டேனா என்று கேட்க நினைத்தால், "முத்து, சாப்பிடு?" என்பார். மழை வருமா என்பதற்கு, "மழை வா?" என்பார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

சாயங்காலம் கையில் கிளாசோடு ஷெட்டுக்கு இறங்கி வருவார். பெட்ரோல் டின்களை அடுக்கிவைத்திருந்த பெட்டியில் உட்காருவார்.

"கார் என்ன?"

"நல்லா இருக்கு தொரை."

"ம்."

அதோடு பேச்சு முடிந்துவிடும், ஆனால் எழுந்து போக மாட்டார். அவர் போகிற வரைக்கும் நானும் உட்கார முடியாது. அதனால் வண்டியில் ஒன்றும் இல்லாத நாளில்கூட, "பிளக்கு கொஞ்சம் கரியாயிருக்கு தொரை" என்று எதையாவது இட்டுக்கட்டுவேன். அவர் உற்சாகமாகி, "கழற்று, பாரு" என்பார். இருவரும் சேர்ந்து நல்ல பிளக்கைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, திரும்ப மாட்டுவோம். அதை நான் துணை என்று எண்ணவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, என் பாஷையில் என்னை உட்காரவைத்துக் கேலி செய்கிற நாலு பேர்.

ராவுத்தர் கடைச் சோறு

ஒரு தடவை காரின் ஸ்பிரிங் பட்டை ஒடிந்து, ஈப்போ ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட வேண்டியிருந்தது. அந்த ஒர்க்‌ஷாப் முதலாளியும் கிளப் மெம்பர்தான். வேலை முடிய நாள் முழுக்க ஆகும் என்றதால் நான் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஃபிட்டர்கள் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து ராவுத்தர் கடைக்குக் கிளம்பினார்கள். தலைமை ஃபிட்டர் சின்னச்சாமி அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

நீளமான பலகையில் பத்துப் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் கொஞ்சம் வேகமாகச் சாப்பிட்டிருப்பேன் போல.

"தோட்டத்து மாப்ள, மெதுவா சாப்புடுலா. சோறு ஓடிப் போவாது" என்றார் அண்ணன்.

"அவர் ரேஸ்காரருண்ணே. சோத்துலயும் ரேஸ்தான்" என்றான் ஒருவன்.

"என்னாத்த ரேஸ்காரரு? பின்னாடி திரும்பிக்கிட்டு உக்காந்திருப்பாராம். கொளம்பு முன்னாடி இருக்குப்பா, இந்தப் பக்கம் திரும்பு!"

எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் முதுகில் தட்டினான். கண்ணில் தண்ணீர் வந்தது. புரையேறினதால்தான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்துவிட்டேன்.

அண்ணனிடம் கேட்டேன். "எடம் இருக்கு. ஆனா மொதலாளி இன்னொரு வெள்ளக்காரன்ட்ட இருந்து ஆள இழுத்துட்டான்னு பேரு வாங்க மாட்டாரு. ஒன் தொரை ஒரு வார்த்த சொல்லணும், சொன்னா நாளைக்கே வந்துரு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இனி எல்லாம். அன்று சாயங்காலம் துரை ஷெட்டுக்கு வந்தபோது, இட்டுக்கட்டாமல் நேரே கேட்டேன். "தொரை, எனக்கு ஈப்போவுல வேல கெடைக்குது. நீங்க சொன்னா எடுத்துக்குவாங்க."

அவர் கிளாசைப் பெட்டியில் வைத்தார். பிறகு, "ரேஸ் முடி. அப்புறம் பேசு" என்றார். அடுத்த ரேஸ் முடியட்டும், பேசலாம் என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று நான் அந்த ரேஸுக்காகக் காத்திருந்தேன். வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். ஒரு கோளாறும் இல்லாமல் ரேஸ் முடிந்து துரை நல்ல மனநிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

விடுங்க துரை

ரேஸுக்கு முந்தின வாரம் துரைக்கு இடது தோளில் கட்டி வந்தது. நல்ல பழுத்த கட்டி. சட்டை பட்டாலே துள்ளினார். நான் உட்காருவது அவருக்கு இடப்பக்கம். தட்ட வேண்டியது அந்தத் தோளைத்தான்.

"தட்டாதே" என்றார் திடலில். "தமிழ் சொல்லு. காது பக்கம் சொல்லு. கார் வந்தா, 'வருது' சொல்லு. கார் போனா, 'போச்சு' சொல்லு."

"சரி தொரை."

இரண்டு வார்த்தைகளை மரத்தடியில் வைத்து ஒத்திகையும் பார்த்தோம். வருது. போச்சு. மூன்றாவதாக, வழி விடுவதற்கு ஒரு வார்த்தை வேண்டுமே என்று இருவருக்கும் தோன்றவில்லை. வழக்கமாக எங்களுக்குப் பின்னால் யாரும் இருப்பதில்லை, அதுவும் ஒரு காரணம்.

அன்று பார்த்து வண்டி நன்றாக ஓடித் தொலைத்தது. கடைசிச் சுற்றுக்கு வரும்போது எங்களுக்குப் பின்னால் சில கார்கள் இருந்தன. துரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததுகூட என் காதில் விழுந்தது. நான் புழுதிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று சுரங்க இன்ஜினியரின் பெரிய கார் புழுதியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"வருது!" என்று கத்தினேன்.

துரை தலையாட்டினார். அந்தக் கார் உள்பக்கமாக ஏறி வந்தது. முன்னால் வளைவு வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் அதைப் பார்க்கவில்லை, ஆனால் தூரத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் என் கண்ணில் பட்டால் வளைவு கிட்டே என்று கணக்கு வைத்திருந்தேன். இரண்டு காருக்கும் அந்த வளைவில் இடம் போதாது. அவனைப் போக விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. தானாகவே தோளை அழுத்தக் கை போனது. கட்டி ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன்.

"விடுங்க தொரை! விடுங்க! விடுங்க!"

அவனுக்கு வழி விடுங்கள் என்று நான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? தமிழ் தெரிந்த எவனும் அப்படித்தான் சொல்வான்.

துரை விட்டார். ஆக்ஸிலேட்டரில் காலை அழுத்தி, முழுசாக விட்டார்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் டின்களை லாரியில் ஏற்றி முடித்ததும் கங்காணி பின்பலகையைத் தட்டி, "விடு! விடு!" என்பார். லாரி பறக்கும். துரை தினமும் கேட்ட விடு அது. நான் சொன்ன விடு அவருக்குத் தெரியாது.

வண்டி வளைவை எடுக்கவில்லை. வெள்ளையடித்த கட்டைவேலி உடைகிற சத்தம் கேட்டது. அடுத்து நான் லாலாங் புல்லில் மல்லாந்து கிடந்தேன். உடம்பில் சிராய்ப்புதான். கார் வேலிக்கு அப்பால் சாக்கடையில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. துரை ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு கால் சிக்கி, முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "போச்சு?" என்று கேட்டார்.

"போச்சு தொரை" என்றேன். இன்ஜினியரின் கார் போயே போய்விட்டது.

கால் சரியாகட்டும்

துரையின் கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஈப்போவில் வெள்ளைக்காரர்களுக்கென்று தனி வார்டு. நான் உள்ளே போகக் கூடாது. அங்கே வேலை பார்த்த நம்ம ஆள் ஒருவர், "வெராந்தா சன்னலுகிட்ட நில்லு, நர்ஸம்மா வந்தா செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி நடி" என்று சொல்லிக்கொடுத்தார். ஆ சோங் சுட்டுக் கொடுத்த ரொட்டியோடு வாராவாரம் போனேன். முதல் வாரம் கட்டிலைச் சுற்றிக் கிளப் ஆட்கள் நின்றார்கள். பூங்கொத்துகூட இருந்தது. அடுத்தடுத்துப் போனபோது யாரும் இல்லை. பூவை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் அவரே கேட்டார். "முத்து. நீ 'விடு' சொல்லு. நான் விடு. ஏன்?"

சன்னல் வழியாக விளக்கினேன். வண்டியை விடு என்றால் ஓட்டு. வழியை விடு என்றால் ஒதுங்கு. கையை விடு என்றால் பிடிக்காதே. ஆளை விடு என்றால் தொந்தரவு பண்ணாதே. அவர் விரலை மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கால் வலித்தும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. "ஒரே வார்த்தை! போ, அதே வார்த்தை! நில்லு, அதே வார்த்தை! மோசம் பாஷை!" என்றார். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். இன்றைக்கு வரை அது அவர் தப்பா என் தப்பா என்று நான் யோசித்ததில்லை. பாஷையின் தலையில் போட்டுவிட்டோம், அது தாங்கும்.

சிரித்து ஓய்ந்ததும் இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன். "தொரை, ரேஸ் முடிஞ்சிருச்சு. பேசலாம்னு சொன்னீங்க."

அவர் முகம் மாறியது.

"நீ இரு" என்றார்.

கட்டிலில் கிடந்தும் கட்டளையா என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "முடியாது தொரை. அங்க எனக்கு யாரும் இல்ல. நான் மனுசங்களோட இருக்கணும்" என்றேன். அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சொன்னதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் முகம் புரிந்திருக்கும்.

"சரி. போ. நான் சொல்லு" என்றார். ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் நான் சொல்கிறேன் என்று அர்த்தம்.

அந்தப் 'போ' கொஞ்சம் உறுத்தியது. நம்மில் யாரும் கிளம்புகிறவனைப் பார்த்துப் போ என்று சொல்ல மாட்டோம். ஆனால் என்ன, கேட்டது கிடைத்துவிட்டது. சன்னல் கம்பிக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். நர்ஸ் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"அப்ப, போயிட்டு வாரேன் தொரை."

அவர் சட்டென்று தலையைத் தூக்கினார். "வா?"

"வாரேன் தொரை."

"எப்போ?"

நர்ஸ் பக்கத்தில் வந்துவிட்டார். "மொதல்ல ஒங்க கால் சரியாகட்டும் தொரை" என்று சொல்லிவிட்டு, செடிப் பக்கம் குனிந்து நழுவினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் சிரித்த முகமாகக் கையைத் தூக்கிக் காட்டினார். நல்லபடியாக வழியனுப்புகிறாரே என்று எனக்கும் நிறைவாக இருந்தது.

ஆ சோங் சொன்னது

சொன்ன சொல் தவறாமல் துரை எனக்காகப் பேசியிருந்தார். ஈப்போவில் சிலிபின் பக்கம் ஃபிட்டர்கள் சேர்ந்து எடுத்திருந்த அறையில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது. குறட்டைச் சத்தத்தில் தூங்குவதே ஒரு சுகம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மத்தியானம் ராவுத்தர் கடை, சாயங்காலம் சீட்டாட்டம், ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். எனக்குப் 'பின்பார்வை' என்று வைத்தார்கள். அந்தப் பெயரில் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்பேன், அவ்வளவு ஆசையாக இருந்தது. அங்கேயே பெண்ணும் பார்த்துக் கட்டிவைத்தார்கள். துரையை நினைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிளக் துடைக்கும்போது நினைப்பேன். கால் ஆறியிருக்கும், வேறு டிரைவர் வைத்திருப்பார் என்று வேலையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஆ சோங் வந்து நின்றார். கையில் மூட்டை. என்ன ஏது என்று கேட்டேன். துரை வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறித் தன் ஊருக்குப் போய்விட்டார், பங்களாவை மூடிவிட்டார்கள், ஈப்போவில் வேலை தேடி வந்திருக்கிறேன் என்றார். உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"துவான் துங்கு லு" என்றார். துரை உனக்காகக் காத்திருந்தார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் அவசரப்படாமல், தனக்குத் தெரிந்த மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து கால் சரியாகித் திரும்பின அன்றே துரை ஷெட் அறையைப் பெருக்கச் சொல்லியிருக்கிறார். பெரிய துரை வேறு டிரைவரை அனுப்பினாராம், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். முத்து வருவான், கால் சரியானதும் வருகிறேன் என்று அவனே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான் என்றாராம். நொண்டிக்கொண்டே தானே காரை ஓட்டினாராம். சாயங்காலம் கிளாசை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு இறங்கிப்போய், அந்தப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டு வருவாராம். மேட்டுப் பாதையில் ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்து வந்து பார்ப்பாராம்.

"ஆள் அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

அதை ஆ சோங்கும் அவரிடம் சொல்லியிருக்கிறார். வருகிறேன் என்று சொன்னவனை எதற்குக் கூப்பிட வேண்டும் என்றாராம் துரை. கடைசியில் சாமான்களைக் கட்டும்போதுகூட, முத்து வந்தால் நான் போய்விட்டேன் என்று சொல்லு என்றாராம். அதைச் சொல்லிவிடத்தான் ஆ சோங் வந்திருந்தார்.

நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். "நீ இரு" என்று அவர் சொன்னது காதில் வந்தது. கெஞ்சுவதற்கு அவரிடம் வேறு தமிழ் இல்லை. எங்கள் பெரட்டுக் களத்தில் அதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அழுகை வந்தது. அழுதேன். ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததை நான் தப்பு என்று சொல்லவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் தோட்டத்தை விட்டு வரத்தான் செய்வேன். ஆனால் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவருக்கு எழுதலாம் என்றால் எந்த ஊர் என்று தெரியாது. அத்தனை நாள் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தும் அவருடைய ஊர் எது என்று ஒருநாள் கேட்டதில்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். நம்முடைய பாஷையில் பேசுகிற வேற்று மனிதன் வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்வான். அந்த வார்த்தைக்குப் பின்னால் நாம் வைத்திருக்கும் வழக்கம் அவனுக்குத் தெரியாது. அவன் பேசுவதைக் கேட்கும்போதும் அவன் கையில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று பார்த்துக் கேளுங்கள். கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நான் அதன் பிறகு அப்படித்தான் சொல்லி வந்தேன். சீன முதலாளியான தவுக்கேயிடம், மலாய்க்கார இன்ஸ்பெக்டரிடம், எந்த வெள்ளைக்காரரிடமும். கூட வந்தவர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். வீட்டில் மட்டும் என் மனைவி அந்த வார்த்தையை எடுக்கவிட மாட்டாள். அவளிடம் 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்வேன், திரும்பி வந்தும் விடுவேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். அப்போது ஒர்க்‌ஷாப்பை வாங்கியிருந்த தவுக்கே நம்மவர்களோடு பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர். வாசல் வரைக்கும் வந்து, "முத்து ஐயா, போயிட்டு வாங்க" என்று அழகாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"இல்ல தவுக்கே, போறேன்" என்றேன்.

"அண்ணே, நல்ல நாளும் அதுவுமா என்னாண்ணே இது?" என்று பின்னாலிருந்து யாரோ பதறினான். தவுக்கே சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னேன்.

"போறேன் தவுக்கே. இனிமே வர மாட்டேன்."